மஞ்சணத்தி மரத்துக்கு ஒரு மாப்பிள்ளை

கையில் குடையை வைத்துக்கொண்டு, அதை விரிக்காமல், பிள்ளையை அணைப்பதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து வந்த ஒருவர்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். கடைவாசலில் நின்று நான் கேட்டேன்.

"குடைய விரிச்சா என்ன டீச்சர்?"

"உள்ள ஆளு இருக்கு யக்கா" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மாடிப்படி ஏறிப் போனார்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர். பெயர் ஒன்று இருந்தது. வாடகைப் பத்திரத்தில்கூட எழுதியிருந்தோம். ஆனால் பூதப்பாண்டியை ஒட்டிய எங்கள் தெருவில் யாரும் அந்தப் பெயரைத் தொட்டதில்லை. பூச்சி டீச்சர் என்றால்தான் தெரியும். கொஞ்ச நாளில் அவரே போனை எடுத்து, "நான் பூச்சி டீச்சர் பேசுகேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுப்பது பகல் வேலை. மீதி நேரமெல்லாம் பூச்சி.

அந்தக் குடை வெள்ளைத் துணிக் குடை. ஒரு கிளைக்குக் கீழே அதை மல்லாத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையில் உள்ள கம்பால் கிளையை இரண்டு தட்டுத் தட்டுவார். இலைமேல் இருக்கிற பொடிசுகள் எல்லாம் குடைக்குள் உதிரும். பிறகு ஒரு ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவார். பூச்சி குழாயின் மறுமுனை வழியாகச் சின்னச் சீசாவுக்குள் போய் விழும். வாய்க்கு வந்துவிடாமல் இருக்க நடுவில் ஒரு வலைத்துணி உண்டு. இந்த வலைத்துணி விஷயம் ஊருக்குத் தெரியாது. டீச்சர் வேலியோரம் நின்று குழாய் வைத்துப் பூச்சியை உறிஞ்சிக் குடிக்கிறார் என்பது மட்டும் தெரியும். அந்தப் பேச்சு அடங்கக் கொஞ்ச காலம் ஆனது. அடங்கியபோது அவருக்கே கொஞ்சம் வருத்தம்தான் என்று நினைக்கிறேன், அவ்வளவு ரசித்தார்.

எங்கள் வீட்டின் முன்பக்கம் உரக்கடை. பூச்சிமருந்தும் விற்போம். கடையில் உட்காருவது நான். என் வீட்டுக்காரர் வயல் வயலாகப் போய் ஆர்டர் பிடிப்பார். பூச்சியைக் கொல்லுகிற கடைக்கு மேலேயே பூச்சியைக் கொண்டாடுகிறவர் குடி வந்தது எந்த நேரத்துப் பொருத்தமோ, தெரியவில்லை. வீடு பார்க்க வந்த அன்று அவரை விசாரித்தது என் மாமா, அதாவது வீட்டுக்காரரின் அப்பா. மாமாவின் விசாரணை ஊருக்கே பிரசித்தம். எங்கள் பக்கத்தில் பழைய காலத்தில் மருமக்கள் வழி. அம்மை வீடு எது என்று தெரிந்தால்தான் ஆள் யார் என்று தெரியும். சட்டத்தில் அந்த வழக்கம் எப்போதோ போய்விட்டது. மாமாவின் வாயைவிட்டு மட்டும் போகவில்லை.

"எந்த ஊரு?"

"மணவாளக்குறிச்சிப் பக்கம் மாமா. கடக்கரை."

"அப்பா?"

"மீன் ஏலம் எடுக்கியாரு."

"அம்மைக்கு எந்த ஊரு?"

"முட்டம்."

"அம்மைக்க அம்மைக்கு?"

டீச்சர் சிரித்துவிட்டார். "மாமா, நானும் இப்படித்தான் கேப்பேன். ஆனா பூச்சிகிட்ட."

மாமாவுக்கு அது பிடிபடவில்லை. அவர் தன் நிபந்தனைக்கு வந்தார். "நாங்க சைவம். மாடியில மீன் வைக்கப்பிடாது கேட்டேளா."

"வைக்க மாட்டேன். மீனு வேணுமுன்னா வீட்டுக்குப் போயி தின்னுட்டு வாறேன். ஆனா பிரிட்ஜில பூச்சி வைப்பேன். அது சம்மதமா?"

சைவத்தில் பூச்சிக்கு என்ன விதி என்று மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய் நின்றுகொண்டேன்.

"திங்கியதுக்கா?" என்றார் மாமா.

"பாக்கியதுக்கு."

"பாக்கியதுக்குன்னா வச்சுக்கிடுங்க."

இப்படித்தான் வந்து சேர்ந்தார். மாமா அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், மரியாதையாகத்தான் பேசுவார். மாமா 'மக்கா' என்று கூப்பிடுவது வீட்டுப் பெண்களை மட்டும்தான். வெளி ஆள் எத்தனை சின்ன வயதானாலும் நீங்க, வாங்கதான்.

டீச்சரிடம் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்லாத நாள் கிடையாது. "ஆளு ஆருன்னு தெரியாண்டாமா?" எங்கள் வியாபாரத்தைக் கெடுத்ததும் அந்தப் பேச்சுதான். யாராவது ஒரு விவசாயி வாடிய கத்தரி இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வருவார். "இதுக்கு ஒரு மருந்து தா பிள்ளே" என்பார். நான் அலமாரிப் பக்கம் கையை நீட்டியிருப்பேன். மாடிப்படியில் டீச்சர் இறங்கி வருவார்.

"ஆருக்கு மருந்து அண்ணாச்சி?"

"பூச்சிக்குத்தாம்."

"எந்தப் பூச்சிக்கு?"

"பூச்சின்னா பூச்சிதாம். அதுல என்ன?"

"ஆளு ஆருன்னு தெரியாண்டாமா? தெருவுல ஒரு களவு நடந்தா தெருவுல உள்ள அத்தன பேரையும் பிடிச்சு அடிப்பேளா?"

கழுத்தில் ஒரு லென்ஸ் தொங்கும். அதை எடுத்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒருமுறை நெல் தூரைப் பிடுங்கிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். பக்கத்து வயலில் புகையான் பூச்சி விழுந்து வட்டம் வட்டமாகக் காய்கிறது, தன் வயலிலும் பச்சைப் பூச்சி மொய்க்கிறது என்று சொல்லித் தூரை மேஜைமேல் போட்டார். டீச்சர் லென்ஸை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இவரு நம்ம ஆளு அண்ணாச்சி. உடம்பு பச்சை, தலையில கறுப்பு. புகையானுக்க முட்டைய தேடிப் பிடிச்சுக் குத்திக் குடிக்கியவரு. இவரக் கொன்னேள்னா புகையானுக்குத்தான் கொண்டாட்டம்."

அண்ணாச்சி மருந்து வாங்காமல் போனார். பின்னால் ஒரு நாள் மட்டிப்பழம் ஒரு சீப்பு கொண்டுவந்து கொடுத்தார். டீச்சருக்குத்தான், எனக்கில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஏட்டி, மாடிய வாடகைக்கு விட்டதுக்குப் பதிலு கடைய விட்டிருக்கலாம்." சொன்னாரே ஒழிய, அந்தப் பழத்தில் இரண்டைத் தின்றார்.

இன்னொரு விசேஷமும் உண்டு. அவருக்குத் தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லுவார். அதையும் சந்தோஷமாகச் சொல்லுவார். எங்கள் ஊரில் இது கேள்விப்படாத சங்கதி. புதுக்கடை என்கிற ஊருக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டால், பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் போகாதவர்கூட விரல் நீட்டி வழி சொல்லுவார். டீச்சரோ லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து, "தெரியல்லியே" என்பார். மற்றவர்கள் 'வேலை கிடைச்சிட்டு' என்று சொல்லுகிற குரலில் சொல்லுவார்.

அவருடைய ஆராய்ச்சி, பூச்சிகளிலேயே ஒரு குடும்பத்தைப் பற்றியது. நாவாய்ப்பூச்சி என்று ஒரு கூட்டம். மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். கடிக்கப் பல் கிடையாது, ஊசிபோல ஒரு மூக்கு உண்டு, அதைக் குத்தி உறிஞ்சும். அந்தக் கூட்டத்தில் செடிகளை நம்பிப் பிழைக்கிற பெரிய குடும்பம் மிரிட். ஆயிரக்கணக்கில் ஆட்கள் உள்ள குடும்பம். எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறீர்கள் என்று நான் கேட்டபோது மேஜைமேல் இருந்த மைக்ராஸ்கோப்பில் ஒன்றை வைத்துக் காட்டினார். சிறகின் கடைசியில் பஸ் டிக்கெட்டின் ஓரத்தை மடித்தாற்போல ஒரு மடிப்பு. அதற்கு அப்பால் கண்ணாடிபோலத் தெளிந்த நுனி. அதில் நரம்பு வளைந்து ஒன்றோ இரண்டோ கண்ணி போட்டிருக்கும். மற்ற நாவாய்ப்பூச்சிகள் பலவற்றுக்கும் இரண்டு கண் போக உச்சியில் இரண்டு பொட்டுக் கண் கூடுதலாக உண்டு. இந்தக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் அது கிடையாது.

இதை நான் கீழே வந்து மாமாவிடம் சொன்னேன். "நெற்றிக்கண் இல்லியா?" என்று மாமா கேட்டார். "அப்பம் கோவக்காரரு இல்ல." மறுநாள் சாயங்காலக் காப்பியைக் குடித்துவிட்டு மாடிப்படி ஏறினார். பார்த்துவிட்டு உடனே வந்துவிடுவேன் என்றார். இருட்டுக்கு அப்புறம் நான்தான் போய்ச் சாப்பிடக் கூப்பிட வேண்டியிருந்தது. அதிலிருந்து அவருக்கு அது தினசரி. யார் வீட்டுக்கு யார் சொந்தம் என்று ஊரையே அலசி முடித்துவிட்டவருக்கு, அலசி முடியாத ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது. வேறென்ன வேண்டும்?

இனி மஞ்சணத்திக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிணற்றோரம் ஒரு மஞ்சணத்தி மரம் உண்டு. யாரும் நட்டதில்லை. கோணல்மாணலாக வளர்ந்து கூரையைத் தாண்டி நிற்கிறது. வெட்டிவிடலாம் என்று வருஷம் தவறாமல் சொல்லுவோம், வெட்ட மாட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது டீச்சர் அதன் தாழ்ந்த கொப்பருகே நின்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"யக்கா, இந்த எறும்பப் பாருங்க."

பார்த்தேன். கறுப்பு எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எறும்பு என்றேன்.

"எல்லாம் எறும்புதான். இது மட்டும் இல்ல."

அவர் காட்டியதும் மற்றவை மாதிரியே குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. லென்ஸைக் கையில் தந்தார். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கி இருக்கும் அல்லவா, இதற்கு இடுப்பு ஒடுங்கவே இல்லை. ஒடுங்கின மாதிரி தோன்றுவதற்காக இரண்டு பக்கமும் வெள்ளைப் பொட்டு. சிறகு பேருக்குக் கொஞ்சம். வயிற்றுக்கு அடியில் அந்த ஊசி மூக்கு மடங்கிக் கிடந்தது. எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷமாக அந்த மரத்தடியில் துணி துவைக்கிறேன்.

"இது ஆரு டீச்சர்?"

"தெரியல்ல" என்றார். ஈரத் தரையில் நின்ற இடத்திலேயே இரண்டு குதி குதித்தார். கல்லூரியில் பாடம் எடுக்கிறவர் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் அங்கேதான் சிக்கல் தொடங்கியது. அந்தக் கொப்பில் கிடைத்தது எல்லாம் பெண். இல்லாவிட்டால் குஞ்சு. ஆண் ஒன்றுகூட இல்லை. இந்தக் குடும்பத்தில் ஆணை வைத்துத்தான் ஆள் இன்னார் என்று கடைசித் தீர்ப்புச் சொல்ல முடியுமாம். ஆணின் உடம்புக் கடைசியில் உள்ள உறுப்பு, ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு சாவி மாதிரி இருக்குமாம். மாமா இதைக் கேட்டு மிகவும் மனம் நொந்தார்.

"ஆணை வச்சா? அது எந்த ஊரு நியாயம் டீச்சர்? அம்மைய வச்சுல்லா ஆளு சொல்லணும்."

"நம்ம ஊரு வழக்கம் பூச்சிக்குத் தெரியாதே மாமா."

"தெரியாட்டா சொல்லிக் குடுக்கணும்."

சொல்லிக்கொடுக்க வழியில்லாததால் மாப்பிள்ளை தேடத் தொடங்கினோம். நான் சும்மா ஒரு வார்த்தை கடையில் சொல்லிவிட்டேன், மஞ்சணத்தி மரத்துக்கு ஒரு மாப்பிள்ளை வேண்டும் என்று. தெருவே கிளம்பிவிட்டது. தீப்பெட்டியிலும் மாத்திரைச் சீசாவிலும் வரன்கள் வந்து சேர்ந்தன. டீச்சர் ஒன்றையும் சிரித்துத் தள்ள மாட்டார். ஒவ்வொன்றையும் முறைப்படி லென்ஸில் பார்த்துப் பதில் சொல்லுவார். "இவரு வண்டுக் குடும்பம்." "இவரு நல்ல பையன்தான், ஆனா நம்ம ஆளு இல்ல." ஒருநாள் எஸ்டேட் பஸ் ஏறிக் கீரிப்பாறைக்குப் போய், ரப்பர் தோட்டத்து ஓரமாக நின்ற மஞ்சணத்திகளை எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அட்டை கடித்த காலோடு வந்தார். மாப்பிள்ளை வரவில்லை.

"டீச்சருக்கே ஒரு மாப்பிள்ளை பாக்கலாமே" என்று எதிர்வீட்டுக்காரி கிண்டல் செய்தாள்.

"எனக்கு அவசரமில்ல. அதுக்க ஆயுசு கொஞ்சமாக்கும்" என்றார்.

இப்படி மழையும் வெயிலுமாகக் காலம் போயிற்று. அப்போதுதான் அவருக்கு அரசுக் கல்லூரி வேலைக்கு ஆர்டர் வந்தது. சேலத்துப் பக்கம். அந்த மாதக் கடைசியில் போய்ச் சேர வேண்டும். அவர் வீட்டில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்த நிரந்தர வேலை. எங்கள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார், சிரித்தார். சாயங்காலம் நான் கொடியில் துணி எடுக்கப் போனபோது மஞ்சணத்தியடியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆரு என்னன்னு தெரியாம விட்டுட்டுப் போறது ஒரு மாதிரி இருக்கு யக்கா" என்றார். "அங்க போனா வேற வேலையாயிரும். இதுக்க பக்கம் பொறவு ஆரு வருவா?"

அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். பேசாமல் சாப்பிட்டால் ஏதோ செய்யப்போகிறார் என்று அர்த்தம். எனக்கு அன்று அது உறைக்கவில்லை.

மறுநாள் டீச்சர் கல்லூரிக்குப் போயிருந்தார். மாமா கோயிலுக்கு. நான் கடையைச் சாத்திவிட்டு அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்பக்கமிருந்து மருந்து வாசனை வந்தது. அந்த வாசனை எனக்கு மூக்கில் பழகினது. கடையிலிருந்து வந்தால் கவனிக்க மாட்டேன். கிணற்றடியிலிருந்து வந்ததால் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். வீட்டுக்காரர் ஏணிமேல். முதுகில் தெளிப்பான். மஞ்சணத்தியின் உச்சிக் கொப்புகள் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன. பாதி மரத்தில், தாழ்ந்த கொப்புகளுக்கு மேலே, கடையிலிருந்த நீலத் தார்ப்பாயைப் பந்தல்போல விரித்துக் கட்டியிருந்தார்.

"என்னத்த செய்யுதீங்க?"

"டீச்சருக்கு ஒரு உதவி" என்றார் ஏணியிலிருந்து. "மேல முசுறு கூடு கட்டியிருக்கு பாத்தியா? செவத்த எறும்பு. அது உள்ள இடத்துல வேற பூச்சி தங்குமா? பிடிச்சுத் தின்னு தீத்துரும். பொறவு மாப்பிள்ளை எங்கிண இருந்து வருவான்? அதாம், முசுற மட்டும் அடிச்சிருக்கேன். கீழ உள்ள பொண்ணுவ மேல ஒரு சொட்டுப் படாம தார்ப்பாய் கட்டியாச்சு."

பூச்சியைக் காப்பாற்றப் பூச்சிமருந்து அடிக்கிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? அத்தனை அன்பும் அத்தனை மடத்தனமும் ஒரே ஏணியில் நின்றன. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் ஏதோ புரிந்தது. மெல்ல இறங்கினார்.

டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவில் வரும்போதே வாசனை பிடித்திருக்க வேண்டும். நேராகப் பின்பக்கம் வந்தார். தோளில் பை அப்படியே இருந்தது. மரத்தைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். தெளிப்பானைக்கூட இறக்கி வைக்காமல் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"எறும்புக்குத்தாம் அடிச்சேன் டீச்சர்" என்றார் இவர். கம்மிய குரல்.

"மேல மட்டுமா?"

"மேல மட்டும்."

"தார்ப்பாய் நீங்க கட்டினதா?"

"உங்க ஆளுவ மேல படாண்டாமுன்னு."

டீச்சர் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். நியாயமாக நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவர் தார்ப்பாயின் ஒரு ஓரத்தைத் தாழ்த்தி எட்டிப் பார்த்தார். உச்சியிலிருந்து விழுந்த எறும்புகள் கடுகு கொட்டினாற்போலக் கிடந்தன. மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். பையைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"ஆரும் உதறிராண்டாம்" என்றார். "நாலு மூலையையும் பிடிச்சு அப்படியே இறக்குங்க. எனக்க குடை அவ்வளவு உயரத்துக்கு எட்டினதே இல்ல."

தார்ப்பாய் இறங்கியது. டீச்சர் கையுறை போட்டுக்கொண்டு, எங்களுக்கும் கொடுத்தார். வீட்டில் இருந்த சுளவு, தட்டு, மூடி எல்லாம் வெளியே வந்தன. கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் போட்டு, அரிசியில் கல் பார்ப்பதுபோலப் பார்த்தோம். செவத்த எறும்பு ஒரு பக்கம், கறுத்த எறும்பு ஒரு பக்கம், சிலந்தி ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் தலையே நிமிரவில்லை. கோயிலிலிருந்து வந்த மாமா விவரம் கேட்டார், மகனை ஒரு பார்வை பார்த்தார், நெற்றியில் திருநீறோடு அப்படியே ஒரு சுளவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குள் அவருக்குச் சொந்தமாகவே ஒரு லென்ஸ் வந்திருந்தது.

வெயில் கிணற்றடியைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் வலித்தது. அப்போது மாமா பேசினார்.

"டீச்சர், இன்னா இருக்காரு ஒருத்தரு. எறும்புச் சாயலே இல்ல. சிறகு முழுசா இருக்கு. வேற ஆளுண்ணு தள்ளத்தான் போனேன். ஆனா சிறகுல அந்த வெள்ளைப் பொட்டு இருக்கு பாத்தேளா? எடமும் அதே எடம். நம்ம பொண்ணுக்கு உள்ள அதே பொட்டு."

டீச்சர் வந்து குனிந்தார். தூரிகை நுனியால் அதைத் தொட்டு எடுத்துச் சீசா மூடியில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். நாங்கள் மூன்று பேரும் படியடியில் நின்றோம். மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் பிடித்தது, அதற்கப்புறம் அன்றுதான்.

டீச்சர் மேல்படியில் வந்து நின்றார். "ஆணு" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கண்ணீர் வழிந்தது, சிரிப்பும் வந்தது.

என் வீட்டுக்காரர் அங்கிருந்த உரமூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். "மாப்பிள்ளை வந்தாச்சு" என்றார் மாமா. கொஞ்சம் பொறுத்து, "பாவம், செத்துல்லா வந்திருக்காரு" என்றும் சொன்னார். அன்று விளக்குப் போடுவதற்குள் இன்னும் சில ஆண்கள் கிடைத்தன. பெண்கள் தாழ்ந்த கொப்பில் எறும்போடு எறும்பாக ஓடிக்கொண்டிருந்தது வேறு எங்களுக்குப் பெரிய நிம்மதி.

பூச்சியைக் குண்டூசியில் ஏற்றி வைத்தால் அடியில் ஒரு பொடிச் சீட்டுக் குத்த வேண்டுமாம். ஊர், மரம், தேதி, பிடித்தவர் பெயர். பிடித்தவர் என்ற இடத்தில் டீச்சர் என் வீட்டுக்காரர் பெயரை எழுதினார். இவர் பதறிவிட்டார்.

"நான் எங்க டீச்சர் பிடிச்சேன்? கொன்னேன்லா."

"பிடிச்சவரு நீங்கதான். எப்படிப் பிடிச்சேள்னும் எழுதியிருக்கேன், மருந்து அடிச்சுன்னு. உள்ளதத்தான் எழுதணும்."

இவர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். மருந்துக் கம்பெனி ஆட்கள் வந்தால் இன்றும் அதைக் காட்டாமல் விடுவதில்லை.

ஆணின் அந்த உறுப்பைப் படம் வரைந்து, வெளியூரில் இந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு டீச்சர் பெட்டி கட்டத் தொடங்கினார். உலகத்துக்கே புதுப் பூச்சி என்றுதான் வரும் என்று தெருவுக்கு நம்பிக்கை. எங்கள் ஊர்ச் சாமி பெயரை வைக்கச் சொல்ல வேண்டும் என்று மாமா முடிவே கட்டிவிட்டார். பதில் வந்தது. டீச்சர் மூன்று படி ஒரு படியாகத் தாவிக் கீழே வந்தார்.

"ஆளு ஆருன்னு தெரிஞ்சிட்டு யக்கா. புதுசு இல்ல. ஏற்கனவே பேரு உண்டு. ரொம்ப காலத்துக்கு முந்தி இலங்கையில ஒருத்தரு விளக்கு வெளிச்சத்துல பிடிச்சிருக்காரு."

மாமா முகம் வாடிவிட்டது. எனக்கும்தான். டீச்சர் மட்டும் எதற்கு இந்தக் குதி குதிக்கிறார் என்று தோன்றியது. யார் வைத்த பெயரானால் என்ன, ஆள் யாரென்று தெரிந்ததே அவருக்குப் போதும். அப்படிப்பட்ட மனுஷி. மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னார்.

"ஆனா மாமா, அங்க பிடிச்சது ஆணு மட்டும்தான். அதுக்குப் பொறவு ஆருக்கும் கிடைக்கல்ல. அதுக்க பொண்ணு எப்படி இருக்கும், எங்க இருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. எறும்பு மாதிரி இருக்கும்னு ஆரு நினைப்பா? பொண்ண முதல்ல கண்டது நம்ம மஞ்சணத்தியிலதான்."

மாமா எழுந்தார். கொடியில் கிடந்த நேரியலை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

"அப்பம் நாம பொண்ணு வீடு" என்றார். "சும்மா இருந்தா குறையாயிரும்."

டீச்சர் கிளம்புகிற அன்று சாமான் ஏற்ற அவருடைய அண்ணன் வேன் கொண்டு வந்தார். அவர் வந்து இறங்கியபோது எங்கள் வீட்டில் சாம்பாரும் அவியலும் எரிசேரியும் தயாராக இருந்தன. அடைப்பிரதமன் மாமாவின் மேற்பார்வையில் உருளியில் இறக்கியிருந்தது. கூடத்தில் இலை போட்டிருந்தோம். என்ன விசேஷம் என்று கேட்ட அண்ணனுக்கு நான் விளக்கம் சொல்ல முயன்று, பாதியில் விட்டுவிட்டேன்.

மாமா வாசலில் நின்று ஆட்களைப் பிரித்தார். "மாப்பிள்ளை கடலுக்கு அக்கரை. டீச்சரும் அண்ணனும் கடக்கரை ஆளு. அதனால நீங்க ரெண்டு பேரும் மாப்பிள்ளை வீடாட்டு இந்த வரிசையில இரிங்க. மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் முதல் பந்தி. நாங்க விளம்பிட்டுப் பொறவு இருப்போம்."

அண்ணன் உட்கார்ந்தார். டீச்சர் உட்காரவில்லை. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, என் கையிலிருந்த பாயசத் தூக்கையும் கரண்டியையும் பரிமாறுவதற்கு வாங்கினார்.

"அது எப்படி மாமா?" என்றார். "இத்தன நாளும் நான் பொண்ணு வீட்டுலல்லா இருந்தேன்."

ஊரில் உள்ள யாரையும் எந்த வீடு, என்ன வழி என்று கேட்டு நிறுத்தி வைக்கிற மாமா அன்று நேரியல் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். டீச்சர் வரிசையின் முதல் இலையில், தன் அண்ணனுக்கு முன்னால் குனிந்தார். தூக்கிலிருந்து ஆவி பறந்தது.

"சூடாக்கும் மக்கா" என்றார் மாமா. "பாத்து விளம்பு."